லிட்டருக்குப் பதினொன்று

பிப்ரவரி 8, சனி

இரண்டாம் சனி. கல்லூரி விடுமுறை. பானெட்டைத் திறக்கும் நாள்.

ஓடியது 86,412 கிலோமீட்டர். எஞ்சின் ஆயில், அளவுக் குச்சியின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், தேன் நிறம். கூலண்ட் மேல்கோட்டுக்கு அரை விரல் கீழே. காய்ச்சி வடித்த நீர் கலந்து ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு படியும் என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை. பிரேக் ஆயில் டிசம்பரில் மாற்றியது, இன்னும் வெளிர்மஞ்சள். டயர் காற்று நான்கிலும் முப்பத்து மூன்று. மாலையில் பங்க்கில் டேங்க் நிரப்பிக் கணக்கிட்டதில் லிட்டருக்கு 16.8 கிலோமீட்டர்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: என்னவர் ஓட்டுவார், நான் பராமரிப்பேன். கல்யாணமான இரண்டாம் வருடம் அவருடைய பழைய காரைப் பின்னால் எடுக்கப்போய் எதிர்வீட்டு இரும்பு கேட்டை மடக்கிவிட்டேன். "வண்டிக்கு உள்ள இருக்கறத நீ பாத்துக்க கலா, வெளிய இருக்கறத நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். நான் எம்.எஸ்ஸி. வேதியியல், கல்லூரி ஆய்வகத்தில் வேலை. திரவங்களோடு எனக்குத் தகராறு வந்ததில்லை. அன்று விட்ட ஸ்டீயரிங்கைப் பிறகு தொடவேயில்லை.

ஆனால் பதினோரு வருடப் பழைய காரில் லிட்டருக்குப் பதினேழை நெருங்குகிறவர் வடவள்ளியில் எங்கள் தெருவில் யாருமில்லை. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

பிப்ரவரி 12, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்னது: காலையில் காந்திபுரம் மேம்பாலத்தில் முன்னால் போன ஸ்கூட்டர் சறுக்கிவிட்டதாம். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இவருடைய காருக்கு நேர் முன்னால் விழுந்திருக்கிறாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றதாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு கணவனோடு போய்விட்டாளாம்.

பிரேக் பெடல் உள்ளே இறங்கியதா, மிதித்ததும் பிடித்ததா என்று கேட்டேன். மிதித்ததும் பிடித்தது என்றார்.

டிசம்பரில் பிரேக் ஆயிலையும் பிரேக் பேடையும் மாற்றச் சொன்னபோது மெக்கானிக் ரங்கராஜ், "இன்னும் ஆறு மாசம் ஓடுமுங்க மேடம்" என்றார். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனசுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டார். மாவு புளித்துவிட்டது போல.

பிப்ரவரி 15, சனி

16.0. லாலி ரோட்டில் குழாய்க்குத் தோண்டியிருக்கிறார்களாம்.

பிப்ரவரி 22, சனி

14.7.

பங்க்கில் ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம். அடுத்த வாரம் வேறு பங்க்.

மார்ச் 1, சனி

வேறு பங்க். 13.1.

எனக்குப் புரியவில்லை. வாரத்துக்கு நூற்றெழுபது கிலோமீட்டர், வடவள்ளியிலிருந்து பீளமேட்டில் அவருடைய பம்ப் கம்பெனிக்குப் போக, வர. டிரிப் மீட்டரில் அது மாறவேயில்லை. அதே தூரம், அதே ஆள், அதே வண்டி. பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கிறது.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். பெரிதாகத் தூசியில்லை. டிக்கியில் கிடந்த பழைய பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து உள்ளே வைத்தேன். வேண்டாத எடையை எதற்குச் சுமக்க வேண்டும்? ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே நாலு காலித் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. அவற்றையும் எடுத்துப் போட்டேன்.

ஏசி விசிறி கடைசி எண்ணில் இருந்தது. இன்னும் வெயிலே ஆரம்பிக்கவில்லை. "இவ்ளோ எதுக்குங்க?" என்றேன். "வேர்க்குது" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாமாண்டு மாணவிகள் ஆய்வகத்தில் இரண்டு பியூரெட்டுக் குழாய்களை உடைத்தார்கள். அவர் வர எட்டாகிவிட்டது. டிராஃபிக்காம்.

மார்ச் 8, சனி

12.2.

காரை ரங்கராஜ் பட்டறைக்கு எடுத்துப்போனோம். ரங்கராஜுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் செருகியிருப்பார். பத்து வருடமாக அவரிடம்தான் விடுகிறோம்.

"போன தடவ என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுதானுங்க. அஞ்சு முப்பது கிரேடு, மெல்லிசு ஆயில்."

"கெட்டி ஆயில் ஏதாவது டிரம்முல இருந்து ஊத்திட்டீங்களா? எஞ்சின் இழுக்க மாட்டேங்குது."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே போய்க் காலி டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "தேதி போட்டு வெச்சிருக்கறனுங்க மேடம். உங்க டப்பாவ மட்டும் நான் தூக்கிப் போடறதே இல்லீங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

இருந்தாலும் மாற்றச் சொன்னேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், எல்லாம் புதுசு. என் கண் முன்னால் மூடியின் சீலை உடைத்து ஊற்றினார். கார் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே தரம். மெல்லிய எண்ணெயாக இருந்தால்தான் எஞ்சின் தன் சக்தியை எண்ணெயைக் கலக்குவதில் வீணாக்காது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் வண்டி 'ஸ்மூத்தாக' ஓடுகிறது என்று நம்புகிறவர்கள் நாட்டில் பாதிப்பேர்.

என்னவர் பட்டறை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

மார்ச் 15, சனி

புது ஆயில், புது பிளக், புது ஃபில்டர். 11.4.

பங்க்கிலேயே டைரியை மூடிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார், "வண்டியக் குடுத்தர்லாம் கலா."

"எதுக்குங்க?"

"வயசாயிருச்சு. ஆபீஸ் சம்பத்தோட மச்சினர் ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு. நான் கம்பெனி பஸ்ல போய்க்கறேன்."

"அப்ப வேற வண்டி எடுக்கறதா?"

"வேண்டாம். எதுக்கு வண்டி?"

பதினோரு வருடம் வெண்டைக்காயைப் பார்த்து வாங்குவதுபோல ஒவ்வொரு சொட்டையும் பார்த்து ஊற்றியவள் நான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்றால் அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஐந்து வாரத்துக்கு முன் 16.8 கொடுத்த எஞ்சினுக்கு ஐந்தே வாரத்தில் எப்படி வயதாகும்? கேட்டேன்.

கடைசியில் ஓர் உடன்பாடு. சம்பத்தின் மச்சினர் பங்குனியில் வண்டி எடுக்க மாட்டாராம், சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 19 அன்று வந்து பார்ப்பார். அதற்குள் நான் பதினாறைத் தொட்டுக் காட்டினால் வண்டி இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

"சரி" என்றார். மிகவும் நிம்மதியாகச் சொன்னது போலிருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் குச்சியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வடிதாளில் வைத்து மாலை வரை காயவிட்டேன். ஆயில் நன்றாக இருந்தால் வட்டம் வெளிறிப் பரவும். அழுக்கானால் நடுவில் கரும்பொட்டு நிற்கும். நின்றது. மாற்றி முந்நூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கில் ஓடிய எண்ணெய் போல இருக்கிறது.

துறைத்தலைவர் எட்டிப்பார்த்து, "கலாமணி, எந்த பேட்ச் ரெக்கார்டுக்கு இது?" என்றார். எங்கள் வீட்டுக் கார் என்று சொல்லவில்லை.

முடிவு: சீல் போட்ட டப்பாவிலேயே போலி ஆயில். ரங்கராஜ் எங்கே வாங்குகிறார் என்று கேட்க வேண்டும்.

மார்ச் 22, சனி

11.1.

ரங்கராஜிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்; என்னவர் வெளியே ரோட்டோரம் நின்றார். வடிதாளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். போலிச் சரக்கு வாங்கி விற்கிறவர் என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் வடிதாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நல்ல வெவரமா இருக்குதுங்களே" என்றார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"டிசம்பர்ல போட்டதுங்க மேடம். நாப்பதாயிரம் ஓட வேண்டியது. பாருங்க, வேஃபர் பிஸ்கெட்டாட்டம் ஆயிருச்சு. பிரேக் ஆயிலும் பாருங்க."

பார்த்தேன். மூன்று மாதத்தில் டீ நிறம். சூடாகிச் சூடாகி ஆறினால்தான் அப்படிக் கறுக்கும்.

"சார் இப்ப எந்த ரூட்டுல போறாருங்க?"

"எதுக்கு?"

"இல்லீங்க, ஓட்டறதுல ஏதாச்சும்…"

"ஓட்டறதப் பத்தி நீங்க பேச வேண்டாம் ரங்கராஜ். அவரு இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறாரு. ஒரு கீறல் கிடையாது. உங்க வேலைய மட்டும் பாருங்க."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் புது பேடு போட்டார். நாங்கள் கிளம்பும்போது என்னவரிடம் மட்டும், "பாத்துப் போங்க சார்" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

கார் கதவின் உள்பக்கம், ஸ்டீயரிங் உறையில், வெள்ளை வெள்ளையாகக் கோடு. உப்பு. ஈரத்துணியால் துடைத்தேன்.

மார்ச் 29, சனி

11.2. சக்கர அலைன்மென்ட் பார்த்தாயிற்று. பெட்ரோலில் கலக்கும் கிளீனர் ஒன்று ஊற்றிப் பார்த்தாயிற்று. டயர் காற்றை முப்பத்தைந்தாக்கினேன். எதற்கும் அசையவில்லை.

மகள் யாழினி திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். பரீட்சை முடிந்து சாமான்களோடு வரவேண்டும், அப்பா எப்போதும் போல வந்து கூட்டிப்போவாரா என்று கேட்டாள். போனை அவரிடம் கொடுத்தேன். "வண்டி சரியில்ல பாப்பா. நீ டிரெய்ன்ல வந்துரு" என்றார். போனை வாங்கிக்கொண்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் அவள் என்ன செய்வாள்? "நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

11.0. இன்னும் இரண்டு வாரம்.

சோதனைச்சாலையில் ஒரு மாணவிக்கு விடை திரும்பத் திரும்பத் தப்பாக வந்தால் என்ன செய்வேன்? கரைசலை மாற்ற மாட்டேன், கருவியை மாற்ற மாட்டேன், பக்கத்தில் நின்று அவள் செய்வதைப் பார்ப்பேன். பக்கத்தில் நின்று பார்க்காமல் இரண்டு மாதம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து அவரோடு காரில் பீளமேடு வரை போகப்போகிறேன். சொன்னதும், "நீ எதுக்கு? அங்க வந்து என்ன பண்ணுவ?" என்றார். பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்றேன். "வேஸ்ட்டா ஒரு லீவு" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை எட்டுக்குக் கிளம்பினோம். டிரிப் மீட்டர் பூஜ்யம். கையில் இந்த டைரி. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் வேகம், கியர், ஏசி எல்லாம் குறிப்பதாகத் திட்டம்.

லாலி ரோடு வரை குறித்திருக்கிறேன். 8.05, இரண்டாம் கியர், இருபத்திரண்டு. 8.10, இரண்டாம் கியர், இருபது. ரோடு காலியாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து கடந்தது. ஓட்டியவன் திரும்பி எங்களைத் திட்டினான். "மூணாவது போடுங்களேன்" என்றேன். போட்டார். ஓர் ஆட்டோ தூரத்தில் திரும்புவதைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்து மறுபடி இரண்டுக்கு வந்தார். முன்னால் இரண்டு பஸ் நிற்கும் அளவு இடம் இருந்தது. ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தாலே அவருடைய வலது கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

காந்திபுரம் மேம்பாலம் தெரிந்தது. அதன்மேல் ஏறாமல் இடது பக்கம் கீழ் ரோட்டில் இறங்கினார். கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரம், அடியில் ஓர் இளநீர்க்கடை. மரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தி நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட் பிரேக் போட்டார். எஞ்சினை நிறுத்தவில்லை. ஏசியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினார்.

"ஒரு நிமிஷம் கலா" என்றார்.

இரண்டு கைகளாலும் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். நெற்றி, கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் நனைந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நான் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8.31 என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரில் ஒன்றுமில்லை.

கண்ணாடியைத் தட்டினார் இளநீர்க்கார அம்மா. என் பக்கம் இறக்கினேன்.

"ஏனுங் சார், இன்னைக்கு வீட்டம்மாவுங்களா? ஒண்ணு சேத்தி வெட்டட்டுங்களா?" என்றவர் என்னிடம் திரும்பினார். "சார் தெனமும் நம்ம மரத்தடிதானுங்க. காலைல அரை மணி, சாயங்காலம் அந்தப் பக்கம் அரை மணி. வண்டிய அமத்திட்டு உக்காருங்க சார், பெட்ரோல் வீணாப் போகுதுன்னு நானும் சொல்லிட்டேதானுங்க இருக்கறேன். கேட்டாத்தானே?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணு சேத்தி வெட்டுங்க" என்றேன்.

குடித்தோம். 8.57-க்குக் கிளம்பினோம். பீளமேடு வரை நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "ஏசியக் கொஞ்சம் கொறைக்கட்டுங்களா?" அவ்வளவுதான் எனக்கு வந்தது.

திரும்பிய பஸ் மேம்பாலத்தின் மேல் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் விழுந்தது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதில்லை.

ஏப்ரல் 9, புதன்

பிப்ரவரி 12 பக்கத்தைப் படித்தேன். பெடல் இறங்கியதா, மிதித்ததும் பிடித்ததா.

நாற்பத்தாறு வயதில் இதைத்தான் கேட்டிருக்கிறேன்.

தோசை மாவு புளிக்கவில்லை. அன்றைக்குத்தான் அரைத்தது.

ஏப்ரல் 10, வியாழன்

கல்லூரி விட்டு நேராக ரங்கராஜ் பட்டறைக்குப் போனேன். பஸ்ஸில் வந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இன்றைக்கு என்ன பழி சொல்ல வந்திருக்கிறாளோ என்று நினைத்திருப்பார்.

"உங்க ஆயில் நல்ல ஆயில்தான்" என்றேன். "நின்ன எடத்துலயே எஞ்சின் ஓடியிருக்குது. கிலோமீட்டர்ல அது தெரியாது. உங்கள நாலு பேரு முன்னால அப்படிப் பேசுனது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"அட விடுங்க மேடம். உக்காருங்க."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பேடைப் பாத்தாத் தெரியுமுங்க. பயந்து ஓட்டறவரு பேடு தனியாத் தெரியும். சொல்ல வந்தனுங்க, நீங்கதான்…" என்று நிறுத்திக்கொண்டார். பிறகு மேலே தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒருக்கா எனக்கு ஜாக்கி சறுக்கிருச்சுங்க. வண்டி மேல விழுகல, காதுகிட்ட வந்து நின்னுது. ஒரு காயமில்ல. ஆறு மாசம் வண்டிக்கடியில படுக்கலீங்களே. வர்றவங்ககிட்ட எல்லாம் முதுகு வலின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க, வீட்டுல கண்டுபுடிச்சுட்டா. நான் அடியில படுத்தா அவளும் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து வெங்காயம் உரிப்பா. ஒரு மாசம் பட்டறை பூரா வெங்காயத் தொலி."

ஏப்ரல் 12, சனி

இரண்டாம் சனி. பானெட்டைத் திறக்கவில்லை.

"வண்டியக் குடுக்க வேண்டாங்க" என்றேன். செய்தித்தாளை மடக்கினார்.

"பதினாறு வந்துச்சா?"

"வரல."

"அப்புறமென்ன? பேசுனபடி குடுத்தர்லாம்."

"வண்டி நல்லா இருக்குதுங்க. வண்டி ஒண்ணும் பண்ணல."

"அப்ப நான் பண்றேனா?" சத்தம் போட்டார். எங்கள் வீட்டில் சத்தம் என்பதே கிடையாது, இருவரும் திகைத்துவிட்டோம். "நீ ஆயிலப் பாரு, தண்ணியப் பாரு. என்னையப் பாக்காத. குச்சிய உட்டு அளந்து பாக்கறதுக்கு நான் ஒண்ணும் எஞ்சின் இல்ல."

எனக்கும் கோபம் வந்தது. ஒரு நல்ல மனுஷரைத் திருடன் என்று திட்டியிருக்கிறேன், வடிதாளில் சொட்டு வைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் படுத்திருக்கிறவர் இரண்டு மாதமாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?" என்று நானும் கத்தினேன்.

"சொன்னேன். பெடல் எறங்குச்சான்னு கேட்ட."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கப் போகவும் தோன்றவில்லை; அவர்தான் எழுந்துபோய் அணைத்தார். அங்கிருந்தே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அந்தம்மா என்னையப் பாத்துச்சு கலா. ரோட்டுல உக்காந்துட்டு. பானெட்டுக்கு மேல நெத்தியும் கண்ணும் மட்டுந்தான் தெரிஞ்சுது. அப்புறம் எந்திரிச்சுப் போயிருச்சு. நான்தான் போகல."

பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு: "எஞ்சின அமத்துனா, மறுபடி ஸ்டார்ட் பண்ண என்னால முடியாதுன்னு தோணுது. அதனாலதான் ஓட விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

கரித்துணியை எடுத்துக்கொண்டு போய் அவரோடு அடுப்பைத் துடைத்தேன். திட்டவும் இல்லை, தேற்றவும் தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

உளவியல் துறையில் ஒருவரிடம் பேசி ஒரு மருத்துவர் பெயர் வாங்கிவந்து என்னவரிடம் கொடுத்தேன். "பைத்தியமா எனக்கு?" என்றார். பிறகு, "எங்க இருக்குது அது?" என்றார். வழியில் மேம்பாலம் உண்டா என்பதற்காகக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். இல்லை என்றேன்.

சம்பத்தின் மச்சினரை வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். "வாக்குக் குடுத்தாச்சு. பாத்துட்டுப் போகட்டும்." மனசுக்குள் இன்னும் விற்கத்தான் நினைக்கிறார். வண்டி போய்விட்டால் மரத்தடியும் இல்லை, யாரும் எதுவும் கேட்கப்போவதும் இல்லை.

அவருக்கு எது நல்லது என்று எனக்கும் நிச்சயமில்லை. ஆனால் இந்தக் காரணத்துக்காக அது போகக்கூடாது.

ஏப்ரல் 19, சனி

சம்பத்தின் மச்சினர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச் லைட். வண்டியைச் சுற்றிவந்தார், டயரை உதைத்தார், பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார்.

"ஏனுங்க, இது பதினோரு வருஷ வண்டியுங்களா? கண்ணாடி மாதிரி வெச்சிருக்கறீங்க!" என்றார். கூலண்டைப் பார்த்தார், குச்சியை இழுத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் மேடம்தானுங்களா? சம்பத் சொன்னாப்ல. நமக்குப் புடிச்சுப்போச்சுங்க சார்."

என்னவர் தலையசைத்தார். ஆர்.சி. புத்தகம் டீபாய்மேல் தயாராக இருந்தது.

"சும்மா கேக்கறேன், மைலேஜ் என்னுங்க குடுக்குது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

"பதினொண்ணு" என்றேன்.

"பதினொண்ணா?"

"அஞ்சு வாரமா அதேதான். டைரி இருக்குது, பாக்கறீங்களா?"

டைரியைக் கொண்டுவந்து காட்டினேன். பிப்ரவரியைக் காட்டவில்லை. மார்ச்சிலிருந்து காட்டினேன்.

"ஆயில் மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தினோம். பிளக், ஃபில்டர், பேடு, அலைன்மென்ட், எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் அசையல."

அவர் டார்ச்சை அணைத்தார். மோர் குடித்தார். வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லி எழுந்தார். வாசல்வரை போனவர் என்னவரைத் தனியாக அழைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன என்று கேட்டேன்.

"லாரியே ஆறு குடுக்குது சார், இத வெச்சுட்டு எப்படிச் சமாளிக்கறீங்கன்னு கேட்டாரு."

சொல்லும்போது அவருடைய உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவர் கம்பெனி பஸ்ஸில் போகிறார். கார் வாசலில் நிற்கிறது. நின்றால் பேட்டரி இறங்கும். ஓட்டப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். விண்ணப்பத்தில் என் பெயரை நிரப்பினேன். வயது என்ற கட்டத்தில் ஒரு கணம் தயக்கம். எதிர்வீட்டு கேட்டை இப்போது சிமென்ட் தூண் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நல்லது.

மே 10, சனி

இரண்டாம் சனி. எஞ்சின் ஆயில் நடுவில், தேன் நிறம். கூலண்ட் சரி. பிரேக் ஆயில் புதிதாக மாற்றியது. டயர் காற்று முப்பத்து மூன்று.

ஒரு வாரமாகக் காலை ஆறு மணிக்கு நான் ஓட்டுகிறேன், கண்ணாடியில் சிவப்பு எல் எழுத்து ஒட்டிக்கொண்டு. அவர் பக்கத்தில். பயிற்சிப் பள்ளி மாஸ்டரிடம் ஒழுங்காக ஓட்டுகிறவள் இவர் பக்கத்தில் மூன்று தடவை எஞ்சினை ஆஃப் பண்ணிவிடுகிறேன். இன்று மருதமலை அடிவாரம் வரை போனோம். ஒரு சைக்கிள் குறுக்கே வந்தபோது அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. என்னுடையது இருக்கிற பிரேக்கை மிதித்தது. வண்டி ஆஃபாகி நின்றது.

இருவருக்கும் வேர்த்துவிட்டது. பின்னால் ஒரு பால்வண்டி ஹாரன் அடித்தது.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க."

"சரி. மெதுவா." ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டார். பால்வண்டிக்காரரிடம் கையை வெளியே நீட்டி, கடந்து போங்கள் என்று காட்டினார்.

எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. பிறகு சாவியைத் திருப்பினேன்.

மேம்பாலத்துக்கு இன்னும் போகவில்லை. மருத்துவரிடம் இரண்டு முறை போயிருக்கிறார். மூன்றாவதற்கு, "பாக்கலாம்" என்கிறார். யாழினி ரயிலில்தான் வந்தாள். அந்த ஸ்கூட்டர் பெண் இன்னும் பானெட்டுக்கு மேல் எழுந்து பார்ப்பதாக நேற்றும் சொன்னார். இந்த முறை, என்ன நிறச் சேலை என்று கேட்டேன். யோசித்து, பச்சை என்றார். அதற்குப் பிறகு நிறையப் பேசினார்.

பங்க்கில் டேங்க் நிரப்பினோம். நான் ஸ்டீயரிங் பின்னால் இருந்ததால் டிரிப் மீட்டரைப் பார்த்து வகுத்து எழுதியது அவர். கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.

லிட்டருக்கு 8.3. காரணம்: ஓட்டுநர் புதுசு.